குமிழ் அடங்கும் வரை

கீழத்தெருவில் முதல் ஏப்பத்தை விட்டவள் ஞானப்பூ. பங்குனி வெயில் ஓட்டைப் பிளக்கிற மத்தியான நேரம். வாசல் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள், சோறு தின்று வெகுநேரம் ஆகிவிட்ட வயிற்றிலிருந்து, ஒரு சொட்டுக் கலர் சோடாகூட இறங்காத தொண்டை வழியாக, மூக்கில் சுருக்கென்று ஏறுகிற மாதிரி நீளமாக ஒரு ஏப்பம் விட்டாள். நாக்கெல்லாம் ஆரஞ்சு கலரின் ருசி. சர்க்கரை வியாதி முற்றி, கால் பெருவிரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து இனிப்பை அவள் கண்ணால் பார்த்ததோடு சரி. சுளகைக் கீழே வைத்துவிட்டு வாயைச் சப்புக்கொட்டிப் பார்த்தாள். ஆரஞ்சுதான். ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஆரஞ்சு. இதை யாரிடம் சொல்வது என்று அவள் யோசிப்பதற்குள் எதிர்வீட்டில் ஒரு ஏப்பம், அதற்கடுத்த வீட்டில் ஒன்று, தங்கராசு டீக்கடையில் நாலைந்து சேர்ந்தாற்போல, தொட்டிலில் கிடந்த கைப்பிள்ளையிடமிருந்து சின்னதாக ஒன்று என்று, தெரு முனைத் தண்ணீர்த்தொட்டி வரைக்கும் போய்த்தான் அது நின்றது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கனி நின்றிருந்தாள். தெருவிலேயே ஏப்பம் விடாத ஒரே ஆள் அவள்தான். அவள் வாய் பழைய பனையோலை போலக் காய்ந்து கிடந்தது. கலர்க்கார மணவாளன் தன் மூன்று சக்கர வண்டியை அப்போதுதான் அந்த ஜன்னலைக் கடந்து மிதித்துப் போயிருந்தான். பாட்டிலும் பாட்டிலும் உரசுகிற சத்தம் இன்னும் தெருவில் மிச்சமிருந்தது.

சுயம்புக்கனி என்பது முழுப்பெயர். லோடு ஆட்டோ ஓட்டுகிற பொன்லிங்கத்தின் பெண்டாட்டி, நாலு வயசு ரித்விகாவின் அம்மா. பிள்ளை பிறந்த பிறகு உடம்பு போட்டுக்கொண்டே போய், மூட்டு வலி வந்து, மூச்சு இரைத்து, சர்க்கரையும் எட்டிப் பார்த்தபோதுகூட அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் ரித்து கையை உதறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள். எதிரே மினி பஸ். கனி ஓடப் பார்த்தாள், கால் வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று பெயரைச் சொல்லிக் கத்தத்தான் முடிந்தது. யாரோ ஒருவர் பிள்ளையை எட்டித் தூக்கினார். அன்று சாயங்காலமே "என்னங்க, டாக்டர் சொன்ன அந்த ஆபரேஷனுக்குப் போவோம்" என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

பூசணிக்காய் அளவு இருந்த இரைப்பையை வாழைக்காய் அளவுக்கு வெட்டித் தைத்து அனுப்பினார்கள். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு டாக்டரம்மா இருந்தாள். இனிப்பு கூடாது, கலரும் சோடாவும் கூடவே கூடாது, தண்ணீரைக்கூடப் பச்சப்பிள்ளைக்குச் சங்கில் புகட்டுகிற மாதிரி கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குடிக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக அவள் சொன்னாள்: "வயித்தைத்தான் வெட்டியிருக்கோம் கனி. ஆசையை வெட்டல. அது உங்க கூடவே வீட்டுக்கு வரும்."

வந்தது. ஆனால் அது கனியின் நாக்கில் இறங்காமல் தெருவின் நாக்கில் இறங்கியது.

முதலில் எல்லோரும் தண்ணீர்த்தொட்டியைச் சந்தேகப்பட்டார்கள். எவனோ தொட்டியில் கலரைக் கவிழ்த்துவிட்டான் என்று தண்ணீரைத் திறந்துவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். கழுவி முடித்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தொட்டிமேல் உட்கார்ந்திருக்கும்போதே அத்தனை பேர் வாயிலும் அல்வா வந்தது. நெய் ஒழுகுகிற, தொண்டையில் நிற்காத, முந்திரிப்பருப்பு பல்லில் தட்டுகிற அல்வா. மறுநாள் விடிந்ததும் அதிரசம் வந்தது. அதில்தான் பிடிபட்டது. குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு நின்ற பொம்பளைகளுக்கு நெஞ்சு கரித்தது.

"இந்த ஊர்ல ஆரு அதிரசத்துக்குச் சுக்கு இவ்வளவு போடுதா? நாம ஏலக்காய்தான போடுவோம்?"

"கனியோட அம்மை வீட்டுல இருந்து தீவாளிக்கு ஒரு வாளி வருமே, அதுல இருக்கும் இந்தச் சுக்கு" என்றாள் ஞானப்பூ.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லோரும் கனி வீட்டுக்குப் போனார்கள். அவள் பருப்புத் தண்ணீரை ஸ்பூனால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி கனி, காலைல எந்திச்சதும் அதிரசம் வேணும்னு நெனச்சியா?"

"நெனச்சேன்க்கா. கண்ணு முழிச்சதுல இருந்து அதே நெனப்புதான். ஏன், நெனைக்கதுக்குமா டாக்டர்ட்ட கேக்கணும்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் சுக்கைக் குறைச்சு நெனை. பிள்ளைகளுக்குக் காந்துது."

அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கரண்டு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டா விளக்கைப் போடுகிறோம்? வருகிறது, போடுகிறோம். கனிக்கு ஆசை வருகிறது, கீழத்தெருவுக்கு இனிக்கிறது, அவ்வளவுதான். ஒரு வாரத்திலேயே அதற்கு ஒரு நேரமும் ஒழுங்கும் வந்துவிட்டது. மூணு மணிக்கு மணவாளன் வண்டி வரும், கனி ஜன்னலுக்கு வருவாள் என்று தெரிந்துகொண்டு தங்கராசு சீனி போடாத டீயை வரிசையாக ஆற்றி வைத்தான், குடிக்கிறவர்களும் கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்குக் கசப்பு மருந்தைச் சங்கில் ஊற்றி, "இரு மக்கா, கனிச் சித்தி ஆசைப்படட்டும், அப்பம் முழுங்கிரு" என்று மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் தாய்மார்கள். லெந்து நோன்பு நாளில் இனிப்பை விட்டிருந்த எஸ்தரக்கா பயந்துபோய்ப் பாஸ்டரிடம் ஓடினாள். அவர் கண்ணை மூடி யோசித்து, தன் வாயிலும் அப்போது ஓடிக்கொண்டிருந்த ஜிலேபியை மெதுவாக விழுங்கிவிட்டு, "நீங்க கேக்கல, நீங்க வாங்கல, தானா வந்தது. ஸ்தோத்திரம்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். அம்மன் கொடைக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தவர்களும் அதையே சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். ஞானப்பூ தன் பாயையும் சுளகையும் தூக்கிக்கொண்டு வந்து கனியின் ஜன்னலுக்கு நேர் கீழே இடம் பிடித்துக்கொண்டாள். அங்கே ருசி கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதாம்.

ஒருவனுக்குத்தான் இதில் வருத்தம். மணவாளன் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"கனியக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதிய. உங்க ஜன்னலைத் தாண்டிப் போன பாட்டில்ல பாதி பச்சத்தண்ணியாப் போயிருது. அதுவும் நீங்க ரொம்ப நேரம் பாத்த பாட்டில்ல ஒரு குமிழுகூட இல்ல. வாங்குனவங்க என்னைய ஏசுதாவ."

"நான் பாக்கத்தான செய்தேன் தம்பி? தொடக்கூட இல்லையே."

"அதாங்க்கா. சட்டுன்னு பாத்துட்டு உள்ள போயிட்டியன்னா ஒண்ணும் ஆகல. நின்னு பாத்தாத்தான் போகுது."

அதன் பிறகு அவன் மேலத்தெரு வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தான். தெருக்காரர்கள் போய்ச் சண்டை போட்டுத் திரும்பக் கூட்டிவந்தார்கள். ஒரு கலர், ஒரே ஒரு கலர் வண்டியில் இருந்தால் போதும், அதை ஊரே சேர்ந்து வாங்கிக்கொள்கிறோம், நீ ஜன்னலுக்கு நேரே நிறுத்தினால் போதும் என்று பேசி முடித்தார்கள்.

இதையெல்லாம் கனி சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள், முதலில். ஆனால் ஆசை என்பது அவளுக்குச் சிரிப்பாக இருக்கவில்லை. மத்தியானம் ஆனால் போதும், உள்ளங்கை வேர்த்து, காதுக்குள் சோடா பாட்டில் கோலி உருளுகிற சத்தம் கேட்டு, அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்து நடந்து, கிராம்பைக் கடித்துப் பார்த்து, காய்ந்த துணியை மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்து, என்ன செய்தும் அடங்காமல், கடைசியில் வெளியே நாற்பது வாய்கள் ஒன்றாக இனிப்பை முழுங்குகிற சத்தம் கேட்கும்போது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

"ஆசை எனக்கு, ருசி ஊருக்கா?" என்று ஒருநாள் பொன்லிங்கத்திடம் கேட்டாள். "நாளைக்கு மவளுக்குப் பொறந்தநாளு, கொஞ்சம் கேக்கு ஆசைப்படேன்னு ஒருத்தி வந்து சொல்லிட்டுப் போறா. நான் என்ன ஸ்வீட் ஸ்டாலா?"

"நீ ஆசைப்படாம இருந்துக்கோயேன்."

"ஆமா, சுவிச்சு இந்தா இருக்கு பாருங்க, அமுக்கிருதேன்."

பொன்லிங்கம் மெதுவாக மென்றுகொண்டிருந்தான். வாய் நிறைய, பாசிப்பயறும் வெல்லமும் மணக்கிற முந்திரிக்கொத்து அப்போது அவனுக்கு.

வீட்டில் இன்னொரு விஷயமும் காத்துக்கொண்டிருந்தது. பொன்லிங்கத்தின் தம்பி வைகுண்டராஜுக்குத் தோப்புவிளையில் லீலா என்ற பெண்ணைப் பிடித்திருந்தது. அந்தப் பிள்ளைக்கும் இவனைப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் போனில் பேசிப் பேசியே பாதிக் குடும்பம் நடத்திவிட்டார்கள். முறையாகப் போய்ப் பெண் பார்ப்பதுதான் பாக்கி. மாமியார் இல்லாத வீடு, மூத்த பொம்பளை என்றால் கனிதான். "மைனி எழுந்து நடமாடட்டும். அவங்க வராம நான் போகமாட்டேன்" என்று சொல்லி, அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அவன் தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தான். அவன் ஒவ்வொரு முறையும் "அவசரமில்ல மைனி" என்று சொல்லும்போது கனிக்கு அது அவசரம் என்று புரியும்.

வைகாசியில் ஒருநாள் பொன்லிங்கத்தின் ஒன்றுவிட்ட சித்தப்பா வீட்டுக்கு வந்தார். அந்தப் பக்கத்தில் வீடேறி வந்தவர்களுக்கு ஒரு கலர் வாங்கிக் கொடுக்காமல் அனுப்பினால் அது நாலு ஊருக்குப் பேச்சாகிவிடும். வாங்கிக் கொடுத்தார்கள். அவர் பாதியைக் குடித்துவிட்டு மீதியை ரித்துவிடம் கொடுத்தார், அவள் ஒரு வாய் குடித்துவிட்டு வாசல்படியில் வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். கனி வாசல் பெருக்க வந்தாள். படியில் பாட்டில். திராட்சை கலர், கழுத்தில் கோலி, வெளியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. ஆசை வந்து கதவைத் தட்டுவதற்குக்கூட நேரமில்லை, அதற்குள் கை முந்திக்கொண்டது. அண்ணாந்து ஒரே மடக்கு.

வாயில் இறங்கியது இனிப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் வாழைக்காய் அளவு வயிற்றுக்குள் அது போய் விழுந்ததும் உள்ளே யாரோ கதவை எட்டி உதைத்த மாதிரி இருந்தது. குமிழ் எல்லாம் ஒன்றாக எழும்பிக் குடலை முறுக்கியது, நெஞ்சு மாவு மில் போல ஓடியது, நெற்றி சில்லிட்டு, கண் இருட்டி, விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டே அவள் படியில் சரிந்தாள். அவளோடு கீழத்தெருவும் சரிந்தது. டீ ஆற்றிக்கொண்டிருந்த தங்கராசு இரண்டு கையிலும் கிளாஸோடு தரையில் உட்கார்ந்தான். மினி பஸ் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எஸ்தரக்கா ஜெபத்தின் நடுவிலேயே படுத்துவிட்டாள். பாயில் இருந்த ஞானப்பூ, "ஏட்டி, என்னத்தட்டி குடிச்சே" என்று முனகியபடி மல்லாந்து கிடந்தாள். தெருவில் நின்றுகொண்டிருந்தது ஆடுகள் மட்டுந்தான்.

வெயில் சாய்ந்த பிறகு ஒவ்வொருவராக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கனி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

"இதுதானா உனக்கு ஆகும்? ஒரு மடக்குக்கா?" என்று தங்கராசு கேட்டான்.

"இதுதான் ஆகும். ஆஸ்பத்திரில சொல்லித்தான் விட்டாவ."

இத்தனை நாளாக ஜன்னலுக்கு நேரே வண்டியை நிறுத்தச் சொன்னவர்கள் அவர்கள்தான். ஞானப்பூதான் முதலில் பாயைச் சுருட்டினாள்.

மறுநாளிலிருந்து கெடுபிடி ஆரம்பித்தது. கலர் வண்டி தெருவுக்குள் வரக்கூடாது. டீக்கடையில் மிட்டாய் பாட்டில் துணி போட்டு மூடியிருக்க வேண்டும். தின்பண்டம் வாங்கி வருகிறவர்கள் கருவாட்டுப் பைக்குள் மறைத்துக் கொண்டுவர வேண்டும். கனி எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது ஒருத்தர் நின்று, "என்ன தாயி, எதுவும் நெனைக்கியா?" என்று கேட்டார்கள். நெனைக்கச் சொன்னபோது இருந்ததைவிட நெனைக்காதே என்றபோது இன்னும் மோசமாக இருந்தது. மூடி வைத்த மிட்டாய் பாட்டிலைப் பார்த்தாலே துணிக்குள் இருப்பது தெரிந்தது. அவள் பல்லைக் கடித்து அமுக்க, அமுக்கிய ஆசை கண்ட நேரத்தில் பீறிட்டு, பந்தியில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயில் திடீரென்று லட்டாகப் போய் விழுந்தது.

ஒரு சந்தை நாளில் ரித்து பலூன் கேட்டு அடம்பிடித்தாள். ஏற்கெனவே இரண்டு வாங்கி இரண்டையும் உடைத்திருந்தாள். மண்ணில் புரண்டு அழுதாள். கனி முன்பெல்லாம் வாங்கிக் கொடுத்துவிடுவாள், இல்லாவிட்டால் முதுகில் ஒன்று வைப்பாள். அன்றைக்கு அவளுக்கு எதற்கும் தெம்பில்லை. முருங்கைக்கீரைக் கட்டோடு பிள்ளைக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அழு மக்கா. அம்மை இங்கதான் இருக்கேன்." ரித்து அழுதாள், ஓங்கி அழுதாள், ஓரக்கண்ணால் பார்த்தாள், விக்கினாள், பிறகு கீரைக் கட்டிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி மண்ணில் கோடு போட ஆரம்பித்தாள். பலூன்காரன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான். அவனை அவள் பார்க்கவேயில்லை.

கனி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, மடியைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து கொழுந்தனைக் கூப்பிட்டாள். "வர்ற ஞாயித்துக்கிழம தோப்புவிளைக்குப் போவோம். சொல்லி அனுப்பு."

தோப்புவிளைக்குப் போவதில் ஒரு சிக்கல் இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும், வைகுண்டராஜுக்கு மட்டும் வாய்விட்டுச் சொல்லத் தைரியமில்லை. அந்த ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தட்டில் ஒரே ஒரு கலர்தான் முதலில் வரும். மாப்பிள்ளை வீட்டு மூத்த பொம்பளை அதை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தால் சம்மதம். உடைத்த கலரை மீதி வைத்தால் மனசில் குறை என்று அர்த்தம். தொடாமல் வைத்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

ஞாயிற்றுக்கிழமை கீழத்தெரு மொத்தமும் அவர்களை வழியனுப்ப வந்தது. "போறது நல்ல காரியம். நீ குடிக்கணும்னா குடி. நாங்க தாங்கிக்கிடுவோம்" என்றாள் ஞானப்பூ. சொன்ன மாதிரியே ஏற்பாடும் செய்தார்கள். தங்கராசு அடுப்பை அணைத்துவிட்டான். மினி பஸ் டிரைவர் சாயங்கால டிரிப்பை ரத்து செய்துவிட்டு வண்டியைப் புளியமரத்தடியில் போட்டார். நடக்கமுடியாதவர்களைக் கட்டிலில் சாய்த்து, பிள்ளைகளைப் பாயில் படுக்கவைத்து, எல்லோரும் சுவரில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

லீலா வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். லீலாவின் பெரியப்பா சிவனணைந்தபெருமாள் நடுவில் உட்கார்ந்திருந்தார், வெள்ளை மீசை, பேச்சுக் குறைவு. லீலாவின் அத்தை பெட்டகக் கதவைப் போல வாசலை அடைத்து நின்றாள். தட்டைக் கொண்டுவந்தவள் லீலா. தட்டில் பன்னீர் சோடா.

பொன்லிங்கம் கண்ணை மூடிக்கொண்டான். கனி கலர்களிலேயே உயிரை விடுவது பன்னீர் சோடாவுக்குத்தான்.

அத்தை கட்டைவிரலை வைத்துக் கோலியை அமுக்கினாள். டப். ரோஜாப்பூ வாசனை முற்றம் முழுக்க எழும்பியது.

"எனக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கு" என்று கனி ஆரம்பித்தாள்.

"கேள்விப்பட்டோம்" என்றாள் அத்தை. "ஒரு கலர்ல என்ன வந்துரப் போவுது? பிடிச்சா குடிங்க, பிடிக்கலன்னா எங்களுக்குப் பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க. ஆபரேஷன இழுக்காதிய."

வைகுண்டராஜ் தரையைப் பார்த்தான். கனி பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். சில்லிப்பு உள்ளங்கை வழியாக முழங்கை வரைக்கும் ஏறியது. கை தன்னால் உதட்டை நோக்கிக் கிளம்பியது. அதை மடியில் இறக்கி வைத்தாள். 'நின்னு பாத்தாத்தான் போகுது' என்று மணவாளன் சொன்னது அவள் காதில் கேட்டது. இது கீழத்தெருவும் இல்லை, அவள் ஜன்னலும் இல்லை. இங்கே அது நடக்குமா என்று யாருக்குத் தெரியும்?

ஆபரேஷன் ஆனதிலிருந்து முதல் தடவையாக அவள் ஆசையை எதிர்த்து நிற்கவில்லை. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வா, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வா என்றாள். அது வந்தது, முதலில் நாக்கின் நுனியில் கூச்சமாக, பிறகு அண்ணத்தில், பிறகு தொண்டையில், பஸ் ஸ்டாண்டு வெயிலில் ஒரு கையில் பையும் ஒரு கையில் பாட்டிலுமாக நின்று குடித்த பன்னீராக, கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னால் ஒன்றும் பந்திக்குப் பின்னால் ஒன்றுமாகக் குடித்த பன்னீராக, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது வாந்திக்கு இதமாக இருக்கட்டும் என்று பொன்லிங்கம் ஓடி வாங்கி வந்த பன்னீராக, கோபத்தில் குடித்தது, தனியாக இருந்தபோது குடித்தது, ஒன்றும் தோன்றாமல் சும்மாவே குடித்தது என்று, அத்தனை பன்னீரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நெஞ்சை அடைத்து நின்றது. கண்ணில் தண்ணீர் நிறைந்தது. கை மறுபடி கிளம்பியது. மறுபடி இறக்கினாள். பாட்டிலுக்குள் குமிழ்கள் அடியிலிருந்து மேலே ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன, பாட்டிலையே பாத்துக்கிட்டிருக்கிய?" என்றாள் அத்தை.

"குடிக்கத்தான் போறேன் அத்தை. கொஞ்சம் இருங்க."

குமிழ் குறைந்தது. பெரிதாக வந்தது சிறிதாகி, கடுகாகி, கடுகும் அபூர்வமாகி, கடைசியாக ஒன்றே ஒன்று கோலியில் போய் முட்டி நின்று, யோசித்து, உடைந்தது.

பெரியப்பா சிவனணைந்தபெருமாள் ஏப்பம் விட்டார். மீசை இரண்டு பக்கமும் எழும்பி இறங்குகிற மாதிரி ஒரு ஏப்பம். திடுக்கிட்டு வாயைப் பொத்தினார், கையை எடுத்து மோந்து பார்த்தார். "பன்னீரு" என்றார். அத்தை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், ஏப்பம்தான் வந்தது. லீலா தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு சின்னதாக விட்டாள், தட்டுக்குப் பின்னால் சிரித்தாள். வேலிக்கு அந்தப்புறம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தாரிடமிருந்து வரிசையாக வந்தது. வாய் நிறைய, வயிறு நிறைய, ஒரு பெண் எத்தனை ஆசையாக ஒரு கலரை விரும்ப முடியுமோ அத்தனையும் தோப்புவிளைக்குள் இறங்கியது.

கனி பாட்டிலை வாய்க்குக் கொண்டுபோனாள். பச்சத்தண்ணீர். ரோஜாவும் இல்லை, சீனியும் இல்லை, சுருக்கும் இல்லை, கோலி உருளுகிற வெறும் தண்ணீர். வயிறு அதைத் தெரிந்த ஆளைப் போல உள்ளே விட்டது. ஒரு வாய் குடித்துவிட்டு மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாய்.

"இப்படித்தான் குடிக்க முடியும் எனக்கு. நேரமாகும்" என்றாள்.

"ஆகட்டும் தாயி" என்றார் பெரியப்பா. "இவ்வளவு மனசோட எங்க வீட்டுக் கலரை இதுவரைக்கும் ஆரும் வாங்கல."

அத்தை வாசலை விட்டு நகர்ந்து கனிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெயில் இறங்கி, தென்னை நிழல் முற்றத்தைக் கடந்து, சுவரில் ஏறியது. கனி வாய் வாயாகக் குடித்தாள். நடுவில், கூட வந்திருந்த ரித்து கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு வேலியைத் தாண்டி ஓட, பாட்டிலை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து ஓடிப் பிடித்து இழுத்து வந்து, மூச்சுகூட இரைக்காமல் உட்கார்ந்து மறுபடி குடித்தாள்.

கீழத்தெருவில் அன்றைக்கும் முதல் ஏப்பத்தை விட்டவள் ஞானப்பூதான். "பன்னீரு! பொண்ணு பிடிச்சிட்டு!" என்று சுவரில் சாய்ந்தபடியே கூவினாள். ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. அடுத்து வரப்போகிற படபடப்புக்காக நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வரவில்லை. விளக்கு வைக்கிற நேரமாகியும் வரவில்லை. தங்கராசு மெதுவாக எழுந்து அடுப்பைப் பற்றவைத்தான்.

தோப்புவிளையில் கடைசிச் சொட்டும் இறங்கியது. கனி பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினாள். கோலி கழுத்தில் வந்து விழுந்து கிளிங் என்றது. வைகுண்டராஜ் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான்.

பெரியப்பா எழுந்து வந்து, மீசையைத் தடவிக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, கனிக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தார்.

"தாயி, உள்ள திராட்சை கலரு ஒண்ணு இருக்கு. கொண்டாரச் சொல்லட்டா? நீ சும்மா பாத்தாப் போதும்."

கனி பாட்டிலைத் தட்டில் வைத்தாள்.

"அது கல்யாணத்துக்கு, பெரியப்பா."